மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடியை விடுவோர் குழுவைத் தேடிப் பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு நகரில் சாராயக் கடை எங்கே என்று கேட்டால் எந்த ஓட்டோக்காரரும் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கே என்று அதே ஆளிடம் கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆசுபத்திரில கேட்டுப் பாருங்க" என்பார். அவர் சொன்னது சரியான பதில்தான். இந்த வழிகாட்டியின் பாதியும் அதுதான்.

இப்படியான குழுக்களுக்குப் பெயர்ப்பலகை இருக்காது. குடியை விட்டவர்களே நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்றவை விளம்பரம் செய்வதில்லை என்பதையே தங்கள் பாரம்பரியங்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கின்றன. வைத்தியசாலைக் குழு என்றால் அது மனநலக் கிளினிக்கின் ஒரு கிழமை நாளில் ஓர் அறைக்குள் நடக்கும்; வெளியே தெரியாது. தேவாலய மண்டபத்தில் கூடுபவர்கள் அதை வெறுமனே "கூட்டம்" என்பார்கள். ஆகவே கூகுளில் தட்டிப் பார்த்துவிட்டு "எங்கட பக்கம் ஒண்டும் இல்ல" என்று முடிவு கட்ட வேண்டாம். இது ஆளைப் பிடித்துக் கேட்க வேண்டிய விஷயம். யாரிடம், எந்த வரிசையில், என்ன சொல்லிக் கேட்பது என்பதைக் கீழே எழுதுகிறோம்.

குழுவுக்கு முன்னால் உடம்பு

தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் எழுந்ததும் கைநடுக்கம் நிற்க ஒரு வாய் ஊற்றிக்கொள்பவர், கூட்டத்துக்குப் போகும் வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்தக் கூடாது. நீண்டகாலம் மதுவில் ஊறிய மூளை, அது தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எந்நேரமும் முடுக்கியே வைத்திருக்கும். மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். வருகிற கோளாறெல்லாம் அதிலிருந்துதான்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் நிலை வரும்: நேரம், இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், காய்ச்சல் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும். இது உயிருக்கு ஆபத்தான நிலை.

நமது ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோயில் சடங்குக்குக் காப்புக் கட்டியவுடன் குடியை நிறுத்துகிறவர்கள் பலர். நல்ல நோக்கம்தான். ஆனால் மூன்றாம் நாள் அவர் உளறத் தொடங்கினால் தெய்வம் ஏறியதென்றோ பேய் பிடித்ததென்றோ நினைத்து மணித்தியாலங்களை வீணாக்க இடமுண்டு. குடியை நிறுத்திய நாலு நாளுக்குள் உளறல், வலிப்பு, காய்ச்சல் எது வந்தாலும் முதலில் வைத்தியசாலை. பூசாரியைப் பிறகு பார்க்கலாம். 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர், முன்பு குடியை நிறுத்தியபோது பிதற்றியவர், ஈரல் நோயோ நீரிழிவோ உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோர் வைத்தியரைக் கண்ட பிறகே நிறுத்த வேண்டும். அங்கே அளவு படிப்படியாகக் குறையும் மருந்தும் தயமின் எனும் விற்றமின் பி1-உம் கொடுப்பார்கள். தயமின் குறைவால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரலாம். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு குடித்தவர்களுக்கு இது கட்டாயம் தேவை.

கசிப்பு எனும் கள்ளச்சாராயம் குடித்தவருக்குக் கண் மங்கல், கடும் வயிற்றுவலி, மூச்சுவாங்கல் இருந்தால் வெறி முறியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். மெதனோல் என்ற நச்சு கலந்திருந்தால் பார்வையும் உயிரும் போகக்கூடும். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், மிச்சம் இருந்தால் போத்தலையும் கொண்டுபோங்கள்.

குடி எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிட்' என்ற பத்துக் கேள்விப் பட்டியலைக் கிளினிக்கில் கேட்டு நிரப்புங்கள். மொத்தம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் என்றால் குடி தீங்கு செய்யக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமைநிலை இருக்கக்கூடும், வைத்திய மதிப்பீடு வேண்டும்.

எந்த மாதிரிக் குழுவைத் தேடுகிறீர்கள்?

எல்லாவற்றையும் "கவுன்சிலிங்" என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் பலர் தவறான கதவைத் தட்டித் திரும்புகிறார்கள். உளவளத்துணை என்பது பயிற்சி பெற்ற ஒருவரும் நீங்களும் பேசுவது. குழு என்பது குடியால் அடிபட்டவர்கள் தங்களுக்குள் பேசுவது. இரண்டும் வேறு, இரண்டும் சேர்ந்தால் நல்லது.

குழுக்களில் மிகப் பழையது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில், ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும், இருவருமே குடியில் மூழ்கியவர்கள், ஒருவரோடொருவர் பேசியதில் தொடங்கியது. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். சந்தா இல்லை, பதிவேடு இல்லை, முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு படிகள் என்ற ஒழுங்கில் போகும். அதில் கடவுள் என்ற சொல் வரும்; "நாம் புரிந்துகொண்டபடி" என்ற விளக்கத்தோடுதான் வரும். ஆகவே சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம் எவரும் இருக்கலாம், நம்பிக்கை இல்லாதவரும் இருக்கலாம்.

கடவுள் பேச்சே ஒத்துவராது என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி என்ற முறை உண்டு, 1994-இல் தொடங்கியது. ஆசை எழும்போது என்ன செய்வது, எண்ணத்தை எப்படிப் பரிசோதிப்பது என்று பயிற்சித் தாள்களோடு நடக்கும். இணையவழியில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆங்கிலம் தெரிந்திருந்தால் வசதி.

வைத்தியசாலையின் மனநலப் பிரிவோடு இணைந்த குழுவில் வைத்தியரோ, உளநல சமூகப் பணியாளரோ நடத்துநராக இருப்பார். மருந்தும் குழுவும் ஒரே இடத்தில் என்பது இதன் பலம். நடத்துநர் இடமாற்றம் பெற்றால் குழு தளர்ந்துபோவது இதன் பலவீனம். இதைத் தவிர தேவாலயம், கோயில், பள்ளிவாசல், கிராமச் சங்கம் சார்ந்தவையும் உண்டு. இவற்றில் தரம் ஆளுக்காள் மாறும். எப்படி எடைபோடுவது என்று பிறகு சொல்கிறோம்.

தட்ட வேண்டிய கதவுகள்

ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: யாரிடம் கேட்டோம், எந்தத் திகதி, என்ன சொன்னார், அடுத்து யாரைக் காட்டினார். சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் மூன்றாவது ஆளிடம் போகும்போது முதல் ஆள் சொன்ன பெயர் மறந்து, அலைச்சலில் மனம் விட்டுப்போவதுதான் தேடல் நிற்க முக்கிய காரணம். குடும்பத்தில் ஒருவர் இந்தக் கொப்பியை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

முதல் கதவு, அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. வடக்கே வாழைச்சேனை, தெற்கே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகள். அம்பாறை மாவட்டத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது: கரையோரப் பகுதி கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையின் கீழ் வருகிறது, அம்பாறை நகரும் உட்பகுதியும் அம்பாறைப் பணிமனையின் கீழ். ஆகவே காரைதீவிலோ திருக்கோவிலிலோ இருப்பவர் அம்பாறை நகருக்கு ஓடத் தேவையில்லை. கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் (வடக்கு ஒன்று, அஷ்ரப் ஞாபகார்த்தம் ஒன்று), அக்கரைப்பற்று, சம்மாந்துறை, திருக்கோவில், பொத்துவில் என அருகிலுள்ளதில் கேளுங்கள். மனநலக் கிளினிக் எல்லா நாளும் இருக்காது. எந்த நாள் என்பதை முதலில் போனில் விசாரித்துவிட்டுப் போவது ஒரு பஸ் காசை மிச்சப்படுத்தும்.

வெளிநோயாளர் பிரிவில் "உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னால் பனடோலோடு திரும்புவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்:

"டொக்டர், நான் குடிய நிப்பாட்டணும். தினமும் குடிக்கிறன், விட்டா கை நடுங்குது. மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு தாங்க. அங்க குடிய விட்டவங்க கூடுற குழு ஏதும் நடக்குதா எண்டும் கேக்கணும்."

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். "கொஞ்சம்" என்று சொல்லாமல் கால் போத்தலா, அரையா, முழுசா, எத்தனை நாள், சாராயமா கசிப்பா என்று கணக்காகச் சொல்லுங்கள். மருந்தின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது. குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையும், நடுக்கமும் வலிப்பும் மிஞ்சும்.

இரண்டாவது கதவு பிரதேச செயலகம். அங்குள்ள உளவளத்துணை உத்தியோகத்தரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் கேளுங்கள். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி போன்ற, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிரிவுகளில் வைத்தியசாலை தூரம் என்பதால் இவர்களே முதல் ஆளாக இருக்கக்கூடும். பொதுமக்கள் வரிசையில் நின்று எல்லோர் காதிலும் விழக் கேட்கத் தேவையில்லை. "தனியப் பேசணும்" என்றால் அறைக்குள் அழைப்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் கேட்பதைக் கடைசிக்கு வையுங்கள். அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல, அவருடைய அலுவலகத்தில் எப்போதும் அயலவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பதற்காக.

மூன்றாவது, தொலைபேசி. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1927 தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். எடுத்தவுடன் "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் பேசுபவர் அப்போது இல்லை என்றால் எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: "மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில், மதுவை விட்டவர்களின் குழு எங்கே கூடுகிறது?" பொதுவாகக் கேட்டால் பொதுவான அறிவுரைதான் வரும்.

நான்காவது கதவு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பங்குத் தந்தை, மெதடிஸ்த போதகர், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகம். மண்டபத்தை யார் எதற்குக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது இவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, பலர் தவறவிடுவது: உங்கள் ஊரில் முன்பு மோசமாகக் குடித்து இப்போது ஒரு சொட்டும் தொடாத மனிதர் ஒருவராவது இருப்பார். அவரிடம் போய், "அண்ணே, நீங்க எப்பிடி விட்டீங்க?" என்று கேளுங்கள். கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். குடியை விட்டவருக்கு அந்தக் கேள்வியைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

குழுவைப் பற்றி விசாரிக்க வேண்டியவை

எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம்? பின்னேரம் ஆறு மணிக் கூட்டம் என்றால் முடிந்து வெளியே வரும்போது பஸ் இருக்குமா? மண்டூர்ப் பக்கம் படகுப் பாதையை நம்பியிருப்பவர் அது எப்போது நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்படிச் சில்லறைக் காரணங்களால்தான் இரண்டாம் கிழமை வருகை நிற்கும். திறந்த கூட்டமா, குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா? திறந்ததென்றால் மனைவியும் கூட வரலாம். பெயர் எழுதுவார்களா, படம் எடுப்பார்களா? பணம் உண்டா? மருந்து எடுப்பவரை ஏற்பார்களா? கடந்த மாதம் உண்மையில் எத்தனை தடவை கூடினார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் குழுக்களும் உண்டு.

விலக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. நிறைய முற்பணம் கேட்பது. கட்டி வைப்பது, அடிப்பது. வீட்டாரோடு பேச விடாதது. "மனநல மருந்தை எல்லாம் நிப்பாட்டு" என்று வைத்தியர் அல்லாதவர் சொல்வது. நூறு வீதம் குணம் என்று உறுதி தருவது. தங்கியிருந்து சிகிச்சை பெறும் தனியார் இடம் என்றால், மேலே சொன்ன சபையில் பதிவு உண்டா என்று 1927-இல் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் இதுதான் முதல் யோசனை. டைசல்பிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கும், சிலருக்கு உயிராபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு கிழமை வரை இந்த விளைவு வரலாம். ஆளுக்குத் தெரிந்து, சம்மதித்து, வைத்தியர் சோதித்து, கடைசியாகக் குடித்து குறைந்தது 24 மணி நேரமாவது போன பிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. அவருக்குத் தெரியாமல் மீன்குழம்பில் போடுவது நஞ்சு வைப்பதற்குப் பக்கத்தில் நிற்கிறது. தெரிந்தே எடுப்பவர் அரிஷ்டத்தையும் தவிர்க்க வேண்டும். அது புளிக்கவைத்துச் செய்வது, இயல்பாகவே மது கொண்டது. சில இருமல் பாணிகளிலும் மது உண்டு, லேபிளைப் பாருங்கள்.

பக்கத்தில் இல்லையென்றால் போனில்

தமிழ்நாட்டில் ஏஏ குழுக்கள் தமிழில் நடக்கின்றன. 2020-இல் கொரோனா வந்தபின் இணையவழிக் கூட்டம் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேரம் ஒன்றே என்பதால் மணி மாற்றிக் கணக்குப் பார்க்கும் தொல்லையும் இல்லை. அவர்களுடைய பேச்சு வழக்கு முதல் இரண்டு நாள் வேகமாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

சூமில் சேருமுன் பெயரை மாற்றுங்கள். போனில் முன்பு போட்டு வைத்த முழுப்பெயரோ பிள்ளையின் பெயரோ திரையில் அப்படியே தெரியும்; அநாமதேயம் அங்கேயே போய்விடும். கமராவை மூடி வைக்கலாம். காதுக்கருவி கட்டாயம், மற்றவர் சொல்வது உங்கள் வீட்டுக்காரர் காதில் விழுவதும் இரகசிய மீறல்தான். வீட்டில் இடமில்லை என்று கடற்கரையில் போய் உட்காராதீர்கள். காற்றுச் சத்தம் ஒரு பக்கம், பழைய கூட்டாளி போத்தலோடு வருவது இன்னொரு பக்கம்.

போன் கூட்டம் மட்டும் போதுமா என்றால், தொடங்கப் போதும். நடுக்கம் வந்த இரவில் கதவைத் தட்ட ஒரு மனிதர் பக்கத்தில் வேண்டும், அதனால் நேரடித் தேடலையும் நிறுத்தாதீர்கள்.

முதல் கூட்டம்

பதினைந்து நிமிடம் முந்திப் போங்கள். பிந்திப் போனால் எல்லாக் கண்ணும் உங்கள் மேல் திரும்பும். நாற்காலிகள் வட்டமாக இருக்கும். அமைதிப் பிரார்த்தனை, ஒரு சிறு வாசிப்பு, பிறகு ஒவ்வொருவரும் மூன்று முதல் ஐந்து நிமிடம் தன் கதையைச் சொல்வார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ, "நீ இப்பிடிச் செய்திருக்கணும்" என்று புத்தி சொல்வதோ இல்லை. மொத்தம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். உங்கள் முறை வந்தால் "இண்டைக்குக் கேக்க மட்டும் வந்தனான்" என்று சொன்னால் போதும், யாரும் வற்புறுத்தக் கூடாது.

குடித்துவிட்டுப் போகலாமா என்பார்கள். குடிக்காமல் போவது நல்லது. குடித்துவிட்டீர்கள் என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். பின்னால் உட்கார்ந்து பேசாமல் கேளுங்கள். மோட்டார் சைக்கிளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போவது சாதாரணம். உங்களைவிட மோசமாகக் குடித்தவரின் கதையைக் கேட்டு "நான் இவ்வளவுக்கு இல்ல" என்றும் தோன்றும். அது எல்லோருக்கும் தோன்றுவது. ஆறு கூட்டம் போய்ப் பார்த்துத் தீர்மானியுங்கள். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும் பத்து நிமிடத்தில் இரண்டு பேரின் போன் இலக்கத்தையாவது வாங்குங்கள். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் வாங்குவது வழக்கம். குடிக்கத் தோன்றும் நேரத்தில் அழைக்கத்தான் அந்த இலக்கம், ஆகவே சுகமாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை அழைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய பயம் ஒன்று உண்டு: நமது ஊரில் அறைக்குள் இருப்பவர் ஒன்றில் மச்சான், இல்லாவிட்டால் மாமன். அடையாளம் தெரியாமல் இருப்பது கடினம். வழி இரண்டு. ஒன்று, வெளியூர்க் குழு. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு சுமார் 40 கிலோமீற்றர்தான், கிழமைக்கு ஒருமுறை போய்வரலாம். மற்றது, உள்ளூரிலேயே போய் உட்கார்ந்துவிடுவது. உங்களைக் கண்டவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே வந்திருக்கிறார். நீங்கள் குடித்தது ஊருக்கு முன்பே தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முஸ்லிம் ஊர்களில் குடிக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதே பெரும் மானப் பிரச்சினை. பெண்களுக்கு எந்த ஊரிலும் அப்படித்தான். இவர்களுக்கு முதலில் கிளினிக்கின் தனி அறையும், பிறகு கமரா மூடிய இணையக் கூட்டமும் பொருந்தும். பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டங்களும் ஏஏ-யில் உண்டு.

ஒன்றுமே இல்லையென்றால் இரண்டு பேர்

கொப்பியின் எல்லாக் கதவும் மூடியிருந்தால் நீங்களே தொடங்கலாம். குடிக்காமல் இருப்பதற்காக இருவர் கூடினாலே அது குழு என்பதுதான் ஏஏ மரபு. இரண்டாவது ஆளை எங்கே பிடிப்பது? மனநலக் கிளினிக்கில். உத்தியோகத்தரிடம் உங்கள் இலக்கத்தைக் கொடுத்து, விரும்புகிறவர் அழைக்கட்டும் என்று சொல்லுங்கள். மற்றவரின் இலக்கத்தை அவர்கள் உங்களிடம் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

இடம்: கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம், பாலர் பாடசாலை, நூலக அறை, தேவாலயப் பக்க மண்டபம். யாருடைய வீடும் வேண்டாம். வீட்டில் நடந்தால் வீட்டுக்காரர் தலைவராகிவிடுவார், அவரோடு மனத்தாங்கல் வந்தால் குழுவும் போகும். நாளையும் நேரத்தையும் ஒருமுறை குறித்தால் மாற்றவே மாற்றாதீர்கள். "இந்தக் கிழமை மழை, அடுத்த கிழமை பார்ப்பம்" என்று மாரிகாலத்தில் இரண்டு தடவை சொன்னால் குழு முடிந்தது. ஒருவர் மட்டும் வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கதவைத் திறந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: திறப்பு 5 நிமிடம், வாசிப்பு 10, பேச்சு 40, முடிப்பு 5. எட்டுப் பேர் வரை ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். அதற்கு மேல் வந்தால் மூன்று நிமிடமாக்கி மணி பார்க்க ஒருவரை வையுங்கள். நடத்தும் பொறுப்பு மாதம் ஒருவருக்காக மாற வேண்டும். தேத்தண்ணிச் செலவுக்கு ஒரு தகரப்பேணி, விரும்பியவர் விரும்பியதைப் போடுவது, கணக்கு ஒரு கொப்பியில். அதைத் தாண்டிக் காசு சேர்க்காதீர்கள். குழுவுக்குள் சீட்டு, கைமாற்று, கட்சிக் கூட்டம், வேலைக்கு ஆள் சேர்ப்பது எதுவும் வேண்டாம். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரைக் காணப் பயந்து வராமல் விடுவார், அடுத்த மாதம் சாராயக் கடையில் இருப்பார். தொண்டு நிறுவனம் பயணப்படி தருகிறோம் என்று வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். படிக்காக வரத் தொடங்கியவர்கள் திட்டம் முடியும் அன்றோடு நின்றுவிடுவார்கள்.

வெறியில் ஒருவர் வந்து கத்தினால் வாதாடாமல் இருவர் வெளியே அழைத்துச் சென்று தேத்தண்ணி கொடுத்து, வீட்டுக்கு ஓட்டோ பிடித்து அனுப்பி, மறுநாள் போனில் அழையுங்கள். சாக நினைப்பதாக ஒருவர் சொன்னால் அது இரகசியக் காப்புக்குள் அடங்காது. அவரைத் தனியே விடாமல் 1926-ஐ அழையுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். நஞ்சுப் போத்தல் எட்டும் தூரத்தில் உள்ள விவசாய வீடுகளில் இது வெறும் பேச்சென்று விடக்கூடியதல்ல.

வீட்டாருக்கு

அவர் வர மறுத்தாலும் நீங்கள் உதவி பெறலாம். குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-இல் அமெரிக்காவில் தொடங்கியது, இணையவழியிலும் கூடுகிறது. வெறியில் இருக்கும்போது குழுவைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். விடிந்து, தலையிடியோடு தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் பேச ஏற்றது: "நாளைக்குக் கிளினிக் நாள், நானும் வாறன், எட்டு மணி பஸ்ஸுல போவம்." நாளும் பஸ்ஸும் சொல்லாத கெஞ்சல் காற்றில் போகும். அடி விழும் வீடு என்றால் குழு பிறகு. பெண்களுக்கான 1938 முதலில்.

வழுக்கும் நாட்கள்

கலண்டரில் முன்கூட்டியே வட்டமிடுங்கள்: அறுவடைக் காசு கையில் வரும் கிழமை, சித்திரைப் புதுவருடம், தீபாவளி, நத்தார், கலியாண வீடு, மரண வீட்டு இரவு, கோயில் சடங்கு முடிந்து காப்பு அவிழ்க்கும் அடுத்த நாள். கடைசி இரண்டும் மிக மோசமானவை. மரண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் போத்தல் இருக்கும், மறுத்தால் "செத்தவருக்கு மரியாதை இல்லையா" என்பார்கள். பெட்டி எடுக்கும் நேரத்துக்குப் போய் முன்வரிசையில் நின்றுவிட்டு, குழுவில் ஒருவரோடு திரும்பி வருவது ஒரு வழி. காப்பு அவிழ்க்கும் நாளுக்குப் பின்னேரக் கூட்டம் ஒன்றை முன்பே ஒழுங்கு செய்யுங்கள்.

வழுக்கிவிட்டால், கூட்டத்தில் வாங்கிய இலக்கங்களில் ஒன்றை அன்றே அழைத்துச் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வழக்கமான நேரத்தில் போங்கள். ஒரு நாள் குடியென்றால் இது போதும். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி திடீரென்று நிறுத்தாமல், முதலில் கிளினிக்கில் காட்டுங்கள்; முன்பு நிறுத்தி நடுக்கம் பட்டவருக்கு அடுத்த தடவை நடுக்கமும் வலிப்பும் கடுமையாக வரக்கூடும்.